ஏர்ப்போர்ட்டு எடு மருமவனே, ரயிலைத் தொடாத

வா மருமவனே, இரி. டெல்லி வேலையை விட்டுட்டு காண்ட்ராக்ட் தொழில்ல எறங்கப் போறியாமே? உங்க அம்மை சொன்னா. எல்லாத்தையும் தனியாருகிட்ட விட்டாத்தான் நாடு உருப்படும்னு வேற பேசுதியாம். நல்லது. மாமன் ஒரு யோசனை சொல்லுதேன், கேட்டுக்கிடு. எடுத்தா ஏர்ப்போர்ட்டு எடு. ரயில் பக்கம் தலைவச்சும் படுக்காத.

ஏன்னு கேளு. ஏரோப்ளேன் ஏறுதவனை ரெண்டு மணி நேரம் முன்னாலயே வரவழைச்சு, பெட்டி பையெல்லாம் சோதிச்சு உள்ள விடுதாவ. பெறவு அவன் பசிக்குக் கடைக்காரன்தான் கதி. வீட்டுல வடைக்கு உப்பு கம்மின்னு தட்டைத் தள்ளுதவன், அங்க விலையைப் பாத்தும் வாயைத் தொறக்காமத் திங்கான். கடை வாடகை, விளம்பரப் பலகை, காரு நிறுத்துத காசு எல்லாத்துலயும் ஏர்ப்போர்ட்டுக்காரனுக்கு வரும்படி. நம்ம ரயில் சனம் அப்படியா? திருநேலியில வண்டி ஏறும்போதே புளியோதரையும் வீட்டுத் தண்ணியும் கையில இருக்கும். கோவில்பட்டி வாரதுக்குள்ள தூக்குச்சட்டியைத் தொறந்துரும். இதுகிட்ட என்னத்தைச் சம்பாதிப்ப? பயணச் செலவுல நூத்துக்கு 57 தான் வசூலாவுதுன்னு டிக்கெட்டுலயே அச்சடிச்சு அழுதுச்சு ரயில்வே. மிச்சத்தைக் கூட்ஸ் வண்டியில போற நிலக்கரி சுமக்கு.

2020ல 109 வழித்தடத்துல தனியாரு வண்டி விடலாம்னு சர்க்காரு கூப்பிட்டுச்சு. மறுவருஷம் டெண்டரைப் பிரிச்சா, கடைசிவரைக்கும் நின்னது ரெண்டே ரெண்டு பேரு. அதுல ஒண்ணு ரயில்வே பெத்த பிள்ளை ஐஆர்சிடிசி! பொழைக்கத் தெரிஞ்சவன்லாம் ஒதுங்கிட்டான்.

டெல்லி ஏர்ப்போர்ட்டைப் பாரு. 2006ல ஜிஎம்ஆர் கூட்டணி கைக்குப் போச்சு. நிலம் சர்க்காரோடது, வெள்ளாமை அவுகளோடது, வருமானத்துல 45.99 சதவீதம் வாரம். கிட்டத்தட்ட அரை வாரம். நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா விதைநெல்லு எங்கேருந்து வந்துச்சுங்க? 2009ல இருந்து ஏறுதவன்கிட்டயே மேம்பாட்டுக் கட்டணம்னு உள்நாட்டுக்கு 200, வெளிநாட்டுக்கு 1,300 ரூவா வாங்குனாவ. வரப்புல நடந்து போறவன்கிட்ட விதைநெல்லு வாங்குத வித்தை நம்ம பாட்டனுக்குத் தெரியாமப் போச்சே! அதுக்கும் தனியார் முதலீடுன்னுதான் பேரு. மனப்பாடம் பண்ணிக்கிடு.

அதே ஏர்ப்போர்ட்டுக்கு ஒரு மெட்ரோ உண்டும். பாலமும் சுரங்கமும் மெட்ரோ கார்ப்பரேஷன் பொறுப்பு. வண்டி வாங்கி 30 வருஷம் ஓட்டுதது ரிலையன்ஸ் இன்ஃப்ரா கூட்டுக் கம்பெனி பொறுப்பு. 2011 பிப்ரவரியில ஓடுச்சு. 2012 ஜூலையில பாலத்துல பழுதுன்னு நின்னுச்சு. 2013 ஜூலையில கம்பெனி சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டு. பெறவு கேஸு. 2017ல மத்தியஸ்தர் தீர்ப்பு கம்பெனிக்கு, 2021ல சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனிக்கு, 2024ல அதே சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாதுன்னுட்டு. வட்டியும் முதலுமா 8,000 கோடி கிட்ட. ரெண்டு வருஷம் ரயிலு, பத்து வருஷம் வக்கீலு. அதுவரைக்கும் சனத்தைச் சொமந்தது யாருங்க? கார்ப்பரேஷன்தான். கட்டணத்தையும் கொறைச்சு ஓட்டுச்சு, கிறுக்குப்பய கார்ப்பரேஷன்.

உடனே மாமன் சர்க்காரு கட்சின்னு நெனைக்காத. மீனம்பாக்கத்துல சர்க்காரு கட்டுன முனையத்துல கண்ணாடி எத்தனாவது தடவை விழுந்துச்சுன்னு எண்ணுததே பேப்பர்காரனுக்குப் பொழப்பாப் போச்சு.

ஆவ, ஒப்பந்தம் போடும்போது லாபப் பக்கத்தை மேலாப்புல பாரு. வெளிய போற வழி எந்தப் பக்கத்துல இருக்குன்னு நல்லா விரல் வச்சுப் படி. இன்னொண்ணு. கொச்சிப் பக்கம் மட்டும் போயிராத. 1999ல தொறந்த ஏர்ப்போர்ட்டு. கேரள சர்க்காரும், வளைகுடாவுல வேர்வை சிந்துனவனும், இன்னும் பல தேசத்து மலையாளியும் பங்கு போட்டுக் கட்டுனது. லாபமும் வருது. பத்தாயிரம் பேருக்கு மேல பங்குதாரன். அத்தனை பேருக்கும் கணக்கு சொல்லணும்ல, உனக்குச் சரிப்படாது.