தாராளமா மாட்டு, கண்ணு

மியூனிக்குல 1972 மாடல் பிஎம்டபிள்யூ 2002 வாங்கிட்டியாம், சந்தோசம் கண்ணு. அதுல டர்போ மாட்டப் போறியாம், அதைவிடச் சந்தோசம். நல்லா ஓடுற எஞ்சினைக் கண்டா கை அரிக்கிறது உங்கப்பன் வழி.

"தாத்தா, இந்த எம்10 பிளாக்லதான் நெல்சன் பிக்கே 1983ல ஃபார்முலா ஒன் ஜெயிச்சாரு"ன்னு எனக்கே பாடம் எடுக்கறே. வாஸ்தவம்தான். அதைப் பிரிச்சு மேய அவருக்கு ஒரு பட்டாளமே நின்னுச்சு. உனக்கு சனிக்கிழமையும் ஒரு ஸ்பேனர் செட்டும் இருக்குதே, போதாதா?

பிளாக் உடையாது, சத்தியம். போறதெல்லாம் அதுக்குள்ள இருக்கிறதுதான். உன் வண்டியோட கம்ப்ரஷன் 8.5. கம்பெனிக்காரனே 1973ல 2002 டர்போ விட்டப்ப அதை 6.9க்கு இறக்கிப்போட்டு, பூஸ்ட் வெறும் 0.55 பார்தான் குடுத்தான். கார்புரேட்டரை நம்பாம இன்ஜெக்‌ஷன் பம்ப் வெச்சான். அதுக்கே 170 குதிரை வந்துச்சு. நீ பிஸ்டனைத் தொடாம ஒரு பார் ஏத்தறேங்கறே. ஜெர்மன்காரனைவிட நீ கெட்டிக்காரன்னு எனக்குத் தெரியாதா!

லாரியில டர்போ ஓடுதேன்னு மட்டும் கேக்காதே. டீசல்ல அமுங்கறது வெறும் காத்து. இங்க பெட்ரோலும் சேர்ந்து அமுங்குது. சூடு மிஞ்சுனா, பிளக்ல பத்துன தீ வந்து சேர்றதுக்குள்ள மூலையில கிடக்கிறது தானா வெடிச்சுப்போடும். டக்கு டக்குனு தட்டும். நீ வெச்சிருக்கற சைலன்ஸர் சத்தத்துல அது எங்க கேக்கப்போகுது? ஹெட்டைக் கழட்டுனா கேஸ்கட் ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல கருகியிருக்கும். பிஸ்டன் ஓரம், மேல் ரிங்குக்கு மேல, எலி கொறிச்ச மாதிரி இருக்கும். அப்ப ஒரு போட்டோ அனுப்பு.

இன்டர்கூலர் எதுக்கு, காசு தண்டம். டைமிங்கையும் பின்னுக்குத் தள்ளாதே, வண்டி மந்தமாயிரும். ஆட்டோபான்ல மிதிச்ச காலை எடுக்காம வந்து, ரெண்டு நிமிசம் ஐடில்ல விடாம சட்டுனு ஆஃப் பண்ணிப்போடு. கொதிக்கிற டர்போவுக்குள்ள நின்ன ஆயில் கரியாகி பேரிங் போச்சுன்னா, பெருசா வேற வாங்க ஒரு சாக்காச்சு.

டர்போ படமா அனுப்பித் தள்றே. நாலு சிலிண்டருக்கும் கேஜ் வெச்சுக் கம்ப்ரஷன் பார்த்த கணக்கை மட்டும் காணோம். அதை அனுப்பு, மத்ததைப் பேசலாம். இல்லாட்டி, வழியில வண்டி நின்னா வந்து உதவற ஏடிஏசி கிளப் சந்தாவை மறக்காமக் கட்டிப்போடு. அவங்க மஞ்ச வண்டிக்காரன் கட்டி இழுத்துட்டுப் போறப்ப முன்சீட்ல உக்காரவெப்பான். பிக்கே கதையை அவங்கிட்ட சொல்லிட்டே வரலாம்.