சொட்டினால் நஷ்டம்

மே மாதம் மதுரையிலிருந்து வரும் சித்தப்பா சென்னை எழும்பூரில் இறங்கியதுமே ஆரம்பித்துவிடுவார். "எங்க ஊர்ல நாப்பது டிகிரி அடிக்குது. அங்ககூட இப்படி ஊத்தலடா!"

அங்கேயும் ஊத்தத்தான் செய்கிறது. காற்று காய்ந்து கிடப்பதால், வியர்வை வந்த தடம் தெரியாமல் ஆவியாகிவிடுகிறது. அவர் தன்னை வியர்க்காத பிறவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சென்னை அந்த மாயையைச் சட்டையோடு சேர்த்து நனைத்துவிடுகிறது.

உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள். மூளையில் ஹைப்போதலாமஸ் என்றொரு அதிகாரி. உடம்புச் சூடு 37 டிகிரியைத் தாண்டப் பார்த்தால், "ஊற்று" என்று உத்தரவு போடுவார். ஆனால் வியர்ப்பதால் மட்டும் குளிராது; வியர்வை காய்ந்தால்தான் குளிரும். மண்பானைத் தண்ணீர் கணக்குதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாகப் போகும்போது தோலிலிருந்து சுமார் 580 கலோரி வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. (இந்தக் கலோரி ஒவ்வொன்றும் சாப்பாட்டுக் கலோரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். வியர்த்தே இளைத்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

சென்னைக் காற்றோ ஏற்கெனவே ஈரத்தால் ஹவுஸ்ஃபுல். உள்ளே இடம் கிடைக்காத வியர்வை முதுகில் உருண்டு, இடுப்பில் தேங்கி, தரையில் சொட்டுகிறது. சொட்டிய ஒவ்வொரு துளியும் சுத்த நஷ்டம். இது அதிகாரிக்குத் தெரியாது. "இன்னும் சூடு குறையலையா? இன்னும் ஊற்று" என்பார். தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இதற்கு நடுவே சித்தப்பாவுக்கு மத்தியானம் காரக்குழம்பு வேண்டும். மிளகாயிலுள்ள கேப்சைசின், சூட்டை உணர்வதற்கென்றே இருக்கும் நரம்பு ஏற்பியைத் தட்டிவிடுகிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நாக்கு "நெருப்பு!" என்று புளுக, மூளை நம்பி, நெற்றியெல்லாம் தண்ணீர் தெளிக்கிறது. சித்தப்பா துண்டால் துடைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்பார்.

நாற்றத்துக்கு வியர்வையைக் குற்றம் சொல்வது அநியாயம். அக்குளில் வேறு ரகச் சுரப்பிகள் இருக்கின்றன. வயசுக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குபவை. அவை சுரப்பதற்கும் பெரிதாக வாடை கிடையாது. நாற்றம், அதைத் தின்னும் பாக்டீரியாக்களின் கைங்கரியம். மாலை ஆறு மணி மாநகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குபவரிடம் இதை விளக்க நான் தயாரில்லை.

உள்ளங்கை தனி இலாகா. அது வெயிலைவிடப் பயத்துக்குத்தான் அதிகம் வியர்க்கும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மொய்த் தொகையை மைக்கில் வாசிக்கும் வழக்கம் இன்னும் உண்டு. ஏசி மண்டபத்தில் எல்லாரும் சால்வையைப் போர்த்திக்கொண்டிருக்க, எனக்கு முன்னால் நிற்பவர் பெயரைச் சொல்லி "ஐயாயிரத்து ஒண்ணு" என்று அறிவிப்பார்கள். என் கையிலிருக்கும் ஐந்நூற்று ஒண்ணு கவர் அதற்குள் நனைந்து, ஓரம் பிரிந்திருக்கும்.