விலையில்லா மதிய உணவும் இளம் பொருளியலாளரும்

கட்டற்ற சந்தைப் பொருளியலைக் கல்லூரி மாணவர்க்குக் கற்பிக்கும் கோடைக் கருத்தரங்கு, அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மரபு உடையது. லெனர்ட் ரீட் 1946இல் தோற்றுவித்த ஃபவுண்டேஷன் ஃபார் எகனாமிக் எஜுகேஷன், ஹட்சன் ஆற்றங்கரையில் இர்விங்டன் என்னும் ஊரின் மாளிகை ஒன்றிலிருந்து பல பத்தாண்டுகள் இப்பணியை ஆற்றியது. ராபர்ட் லெஃபெவர் கொலராடோ மலைப்பகுதியில் 1957 முதல் ஃப்ரீடம் ஸ்கூலை நடத்தினார். எஃப். ஏ. ஹார்ப்பர் 1961இல் கலிஃபோர்னியாவில் நிறுவிய இன்ஸ்டிட்யூட் ஃபார் ஹ்யூமேன் ஸ்டடீஸ், 1974 ஜூனில் வெர்மான்ட் மாநிலத்துச் சவுத் ராயல்டனில் கூட்டிய மாநாட்டில் இஸ்ரேல் கிர்ஸ்னர், லுட்விக் லாக்மன், முர்ரே ராத்பார்ட் ஆகிய மூவரும் விரிவுரையாற்றினர். 1982இல் எழுந்து, அலபாமாவின் ஆபர்ன் நகரில் இயங்கும் மீசெஸ் நிறுவனம் ஆண்டுதோறும் கோடையில் ஒரு வாரம் மாணவரைக் கூட்டுகிறது. இவ்விடங்களில் கற்பிக்கப்பட்ட கொள்கைகள் நன்கு ஆராயப்பட்டுள்ளன. அங்கே இருக்கையும் காப்பியும் ஆசிரியர் அண்மையும் எம்முறையால் பங்கிடப்பட்டன என்பதற்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. இக்குறை சிறிதன்று.

கோடைக் கருத்தரங்கிற்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும். அது கோடையில் நிகழ வேண்டும். மாணாக்கர் ஒரு வாரமளவு ஒரே வளாகத்தில் தங்க வேண்டும். கற்பிப்போரும் கற்போரும் ஒரே உணவுக்கூடத்தில் உண்ண வேண்டும். மூன்றாவதே தலையாயது. அஃது இல்லாதவிடத்து எஞ்சுவது சொற்பொழிவுத் தொடர் மட்டுமே.

வியன்னாவில் 1920 முதல் 1934 வரை லுட்விக் வான் மீசெஸ் தம் அலுவலக அறையில் நடத்திய தனிக் கருத்தரங்கு இவ்விடத்தில் ஒரு சிக்கலை எழுப்புகிறது. அது அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடிந்தது. ஆதலின் முதல் இலக்கணம் பொருந்தாது. இரு வாரத்திற்கு ஒருமுறை வெள்ளி மாலை ஏழு மணிக்குக் கூடிக் கலைந்தது. ஆதலின் இரண்டாவதும் பொருந்தாது. ஆயினும் பத்து மணிக்கு மேல் ஆசிரியரும் மாணவரும் ஓர் இத்தாலிய உணவகத்திற்கும், அங்கிருந்து காஃபே க்யூன்ஸ்ட்லருக்கும் சேர்ந்தே சென்றனர். மூன்றாம் இலக்கணம் இரவுதோறும் இருமுறை நிறைவேறிற்று. ஹயெக், ஹாபெர்லர், மாக்லுப் போன்ற இளைஞர்கள் அமர்ந்த அந்த அறையில், மீசெஸ் ஒரு பெரிய சாக்லேட்டுப் பெட்டியை அவ்வப்போது சுற்றுக்கு விட்டதாக ஹாபெர்லர் பதிந்துள்ளார். விலைக்கோட்பாட்டின் நுட்பங்கள் ஆராயப்பட்ட அறையிலேயே சாக்லேட்டு விலையின்றிச் சுற்றுமுறையால் பங்கிடப்பட்டது. இப்பெட்டியை முன்னிட்டே அக்கருத்தரங்கைக் கோடைக் கருத்தரங்கின் மூதாதையாகக் கொள்வது தகும் என்பது என் துணிபு.

இனி விலைக்கு வருவோம். இன்ஸ்டிட்யூட் ஃபார் ஹ்யூமேன் ஸ்டடீஸ் நடத்திவந்த வகைக் கருத்தரங்கில் பாடத்திற்கும் அறைக்கும் உணவுக்கும் மாணவர் பணம் செலுத்துவதில்லை. வந்துபோகும் செலவே அவருடையது. மில்டன் ஃப்ரீட்மன் 1975இல் வெளியிட்ட நூலின் தலைப்போ, விலையில்லா மதிய உணவு என ஒன்று இல்லை என்பது. எனில் கருத்தரங்கு மதிய உணவுக்கு விலை தந்தவர் யார்? மூவர். நன்கொடையாளர் பணத்தால் தருகிறார். மாணவர் அவ்வாரத்துக் கோடை வேலையின் ஊதியத்தை இழந்து, வாய்ப்புச் செலவாகத் தருகிறார். உணவுக்கூடத்திற்குக் கடைசியாக வருபவர், தீர்ந்துபோன பண்டத்தால் தருகிறார். முதலிருவரைப் பற்றிக் கருத்தரங்கிலேயே விரிவுரை உண்டு. மூன்றாமவரைப் பற்றி இல்லை. அவர் பெரும்பாலும் விரிவுரையின் இறுதியில் ஐயம் கேட்டு நின்றவர் என்பதால், இது கற்றலின் மீது விதிக்கப்படும் வரியாகவே அமைகிறது.

விலையைப் போற்றுவோர் தம் வளாகத்துள் விலையை விலக்குவது முரண் என்பார் உளர். அவர்க்கு விடை ரொனால்ட் கோஸிடம் இருக்கிறது. சந்தையில் ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் செலவு உண்டு, அச்செலவு மிகும்போது விலையின்றிக் கட்டளையால் இயங்கும் நிறுவனம் தோன்றும் என்று அவர் 1937இல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 26. காலை உணவின் ஒவ்வொரு முட்டைக்கும் ஏலம் நடத்தினால் ஒன்பது மணி விரிவுரை பதினொன்றுக்கே தொடங்கும். எனவே முட்டை விலையின்றி வழங்கப்படுதல் கோஸின் கோட்பாட்டிற்கு முற்றிலும் உடன்பாடானதே.

விலை நீங்கிய இடத்தில் பற்றாக்குறை நீங்குவதில்லை. கருத்தரங்கில் மிக அருகிய பண்டம், உணவு மேசையில் விரிவுரையாளர்க்கு அண்மையான இருக்கை. இது மூவகைப்படும்: பக்க இருக்கை, எதிர் இருக்கை, மூலை இருக்கை. பக்க இருக்கை இரண்டு. தாழ்ந்த குரலில் பேச ஏற்றது. ஆனால் ஆசிரியர் மறுபக்கம் திரும்பியிருக்கும் நேரமெல்லாம் பயனற்றது. எதிர் இருக்கை முகத்தைத் தருகிறது. எனினும் நீள்மேசையில் அது மிக அண்மையானது, வட்ட மேசையில் மிகத் தொலைவானது. இது காரணமாக, மேசையின் வடிவம் அறியாமல் எதிர் இருக்கையை மதிப்பிட்டோர் முடிபுகள் கொள்ளத்தக்கன அல்ல. மூலை இருக்கையின் பயன் கேட்டல் மட்டுமே.

இவ்விருக்கையை அடையும் நெறிகளும் மூன்று. வெற்று மேசையில் முன்னரே அமர்ந்து ஆசிரியர் வருவார் எனக் காத்திருத்தல் முதல் நெறி. இது ஃபிராங்க் நைட் 1921இல் விளக்கிய உறுதியின்மையைத் தாங்கும் தொழில்முனைவோர் நெறி. ஆசிரியர் வாராதொழியின் இழப்பு முழுவதும் அமர்ந்தவரையே சாரும். ஆசிரியர் அமரும்வரை தட்டோடு காப்பி இயந்திரத்தருகே நின்று, அமர்ந்த கணத்தில் விரைதல் இரண்டாம் நெறி. கிர்ஸ்னர் 1973இல் வகுத்த விழிப்பு என்னும் பண்பு இதுவே. இந்நெறியினர் எவ்வாயிலால் ஆசிரியர் வருவார், அவர் காய்கறித் தட்டை நாடுவாரா என்னும் செய்திகளைத் திரட்டுகின்றனர். இத்தகைய இடமும் காலமும் சார்ந்த சிதறிய அறிவை எந்த நடு அலுவலகமும் ஒருங்கே பெற இயலாது என்று ஹயெக் 1945இல் நிறுவியது, அமைப்பாளர் முன்கூட்டியே வகுக்கும் இருக்கைப் பட்டியலுக்கும் பொருந்தும்.

மூன்றாம் நெறியே ஆழ்ந்த ஆய்வுக்குரியது. விரிவுரை மேடையிலேயே ஆசிரியரை அணுகி ஒரு வினாவைத் தொடங்கி, அதை முடிக்காமல் உடன்நடந்து, உணவு வரிசையில் உடன்நின்று, மேசை வரை கொண்டுசெல்லுதல் அது. இடைப்பட்ட பரிமாற்றங்கள் அனைத்தையும் ஒரே நிறுவனத்துள் அடக்கும் செங்குத்து ஒருங்கிணைப்பு இது என்பதில் ஐயமில்லை. இதன் வெற்றி, வினாவின் நீளமும் வழியின் நீளமும் ஒத்திருத்தலைப் பொறுத்தது. வினா குறுகின், ஆசிரியர் படிக்கட்டிலேயே விடையளித்து விடைபெறுவார். வினா நீளின், உணவு ஆறும். வட்டி வீதம் பற்றிய வினா அடுத்த கட்டடம் வரைக்கும் போதுமானது. தங்கத் திட்டம் பற்றிய வினா வளாகத்தையே கடக்கும்.

வினாவைத் தொட்டமையால் அதன் வகைகளைக் கூறுதல் கடன். பவணந்தியார் நன்னூலில் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுத்தார். அப்பகுப்பு இன்றும் குறைவின்றிப் பொருந்துகிறது. அறிவினா, தான் அறிந்ததையே கேட்டல். அது ஆசிரியர்க்குரியது எனினும், கருத்தரங்கில் மாணவரும் அதனை மிகுதியாக ஆள்கின்றனர். தமக்குத் தெரியும் என்பதைத் தெரிவிப்பதே அவர் நோக்கம். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் ஆராய்ந்த குறிகாட்டல் அதுவே. அறியாவினா முதல் நாளில் மிகும்: சாலைகளை யார் அமைப்பார் என்பது அதன் நிலையான வடிவம். கலங்கரை விளக்கத்தை யார் நடத்துவார் என்பது மூன்றாம் நாள் அளவில் ஐயவினாவாக எழும்; கோஸ் 1974இல் கலங்கரை விளக்கம் பற்றி எழுதிய கட்டுரையின் பெயரைக் கேட்டபின் அது அறிவினாவாக மாறிவிடும். ஒரே வினா ஒரே வாரத்தில் வகை மாறுதலை உரையாசிரியர்கள் எதிர்நோக்கியிருக்கவில்லை. இந்நூலை ஐயா வாசித்தீர்களா என்பது வினா வடிவில் வந்த ஏவல். கொளல்வினா மட்டுமே தூய சந்தை வினா: பயறு உண்டோ என்று வணிகரைக் கேட்பது இலக்கணத்தார் காட்டு; அந்தப் புத்தகத்தில் இன்னொரு படி உண்டா என்று நூல் மேசையில் கேட்பது கருத்தரங்கின் காட்டு.

பேசும் முறையைப் பங்கிடுவதில் லிபர்ட்டி ஃபண்டின் கலந்துரையாடல்கள் தனித்து நிற்கின்றன. பியர் குட்ரிச் 1960இல் இண்டியானாபொலிஸில் நிறுவிய அவ்வமைப்பு ஏறத்தாழ பதினைந்து பேரை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்துகிறது. பேச விழைவோர் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். முறை வரும்போதே வாய் திறக்கலாம். யோரம் பார்ஸல் 1974இல் வகுத்த காத்திருப்பால் பங்கிடும் கோட்பாட்டிற்கு இதனினும் தூய எடுத்துக்காட்டு அரிது. இம்முறையில் ஒருவர் மறுப்புரைக்கக் கைதூக்கிய கருத்து, முறை வருவதற்குள் நால்வரால் மறுக்கப்பட்டு ஐந்தாமவரால் மீட்கப்பட்டிருக்கும். ஆபர்னின் மீசெஸ் நிறுவனத்திலோ கருத்தரங்கு வாரத்தின் முடிவில் விரும்புவோர்க்கு வாய்மொழித் தேர்வு உண்டு. அங்கே வினாவின் திசை திரும்பி, அறிவினா தன் இயல்பான உரியவரிடம் சேர்கிறது.

வெளியே செல்லும் நாளில் அனைவர்க்கும் ஒரே அளவான உணவுப் பொட்டலம் வழங்கப்படும்போது பரிமாற்றம் தானே பிறக்கிறது. ஆர். ஏ. ராட்ஃபோர்ட் 1945இல், தாம் சிறைப்பட்டிருந்த போர்க்கைதிகள் முகாமில் செஞ்சிலுவைப் பொட்டலங்கள் எவ்வாறு சந்தையாயின, சிகரெட்டு எவ்வாறு நாணயமாயிற்று என்று விவரித்தார். கருத்தரங்கில் ஆப்பிள் தருவோர் பலர், பெறுவோர் சிலர். பிஸ்கட்டு இதற்கு மறுதலை. பொது நாணயம் ஒன்று உருவாகும் முன் பேருந்து வந்துவிடுவதால் இச்சந்தை பண்டமாற்று நிலையிலேயே நின்றுவிடுகிறது. உறக்கம் பற்றி ஒரு தொடர் போதும்: நள்ளிரவு தாண்டிய விடுதி உரையாடலே வாரத்தின் சிறந்த பாடம் என்பதிலும், அதன் செலவை மறுநாள் காலை விரிவுரையாளரே ஏற்கிறார் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை.

எஞ்சியவை நூல்கள். அவை இக்கருத்தரங்குகளில் தாராளமாக வழங்கப்படுகின்றன. மீசெஸின் ‘மனிதச் செயல்’ ஒன்றே ஏறத்தாழ 900 பக்கம். வாரம் முழுதும் விலையறியாது வாழ்ந்த மாணவர், விமான நிலையத்தில் 23 கிலோ வரம்பைத் தாண்டிய பெட்டியோடு முதல் விலையைச் சந்திக்கிறார். போம்-பாவெர்க் 1889இல் ஒரு குடியானவனையும் அவனுடைய ஐந்து மூட்டைத் தானியத்தையும் காட்டினார்: முதல் மூட்டை உயிர் வாழ, இரண்டாவது உடல் வலுப்பெற, மூன்றாவது கோழிக்கு, நான்காவது சாராயத்திற்கு, ஐந்தாவது கிளிகளுக்கு. ஒரு மூட்டை தொலைந்தால் அவன் கைவிடுவது கிளிகளையே; ஆகவே ஒவ்வொரு மூட்டையின் மதிப்பும் கிளி மூட்டையின் மதிப்பே. இதன்படி பெட்டியைத் திறந்த மாணவர் மிகக் குறைந்த பயனுடைய நூலை எடுத்து வைத்தல் வேண்டும். ஆனால் தானிய மூட்டைகள் ஒத்த எடையின, நூல்கள் அவ்வாறல்ல. மிகக் குறைந்த பயனுடைய நூல் 60 பக்கச் சிறு வெளியீடாக இருப்பின், அதை நீக்கியும் எடை வரம்புக்குள் வாராது. எனவே பயனைப் பக்கத்தால் வகுத்து வரிசைப்படுத்துதல் முறை. அவ்வாறு வரிசைப்படுத்த வேண்டிய நேரம், பின்னால் வரிசையில் நிற்போர் பொறுமைக்கு உட்பட்டது. தேர்ந்த மாணவர் ‘மனிதச் செயலை’ப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறார், கையில் ஏந்திய நூலை அங்கே எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.