ஐந்திணையும் ஒரு சப்வூஃபரும்

ஐந்து புள்ளி ஒன்று என்னும் கணக்கை மேலைநாட்டு ஒலிப்பொறியாளர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அது அறியாமை. அன்பின் ஐந்திணை ஐந்து. பொருந்தாக் காமம் என்று ஓரத்தில் ஒதுக்கப்பட்ட பெருந்திணை ஒன்று. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். கணக்கு அன்றே முடிந்துவிட்டது.

அப்படியானால் கைக்கிளை எங்கே என்று வினவுவார்க்கு விடை உண்டு. 1999-இல் ஸ்டார் வார்ஸ் வரிசையின் முதல் அத்தியாயத்தோடு டால்பி நிறுவனத்தார் பின்சுவரின் நடுவே கூடுதலாக ஓர் ஒலித்தடத்தைக் கொண்டுவந்தனர். பின்னிருந்த மற்றவை இடமும் வலமுமாக இணையோடு நிற்க, இது மட்டும் துணையின்றிப் பின்னால் தனியே பேசிக்கொண்டிருந்தது. ஒருதலைக் காமத்துக்கு வேறு சான்று வேண்டா. அந்த ஆறு புள்ளி ஒன்று வீடுகளில் நெடுநாள் நிலைக்கவில்லை. ஏழு புள்ளி ஒன்றில் அதற்கும் ஒரு ஜோடி பார்த்து முடித்துவிட்டார்கள்.

இனி, 'புள்ளி ஒன்று' என்பதற்கு உரை. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடநூல் கணக்கு. சப்வூஃபருக்கென ஒதுக்கிய தடமோ 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நேர்மையாகப் பார்த்தால் அது புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஆறு. மரியாதை கருதிப் புள்ளி ஒன்று என்றனர். கடையில் பணம் கட்டும்போது இந்தப் புள்ளி ஒன்றே பில்லில் கால்பங்கைத் தின்னும் என்பதை இவ்விடத்திலேயே குறித்துக்கொள்க.

முன்னோர் வரலாறு சுருக்கமாக. 1931-இல் இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர், திரையில் ஆள் ஓரிடத்தில் நிற்கக் குரல் வேறிடத்திலிருந்து வருவதைப் பொறுக்காமல் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1940-இல் வால்ட் டிஸ்னி தம் 'ஃபேன்டேசியா'வுக்காகத் திரையரங்கைச் சுற்றி ஸ்பீக்கர்களை நிறுத்தினார். ரே டால்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்தார். பதிவு நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் எண்ணம் அவருக்கு இங்கேதான் உதித்தது என்பர். இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்று ஒருவருக்கு இந்தியாவில் தோன்றியதில் வியப்படைய ஒன்றுமில்லை. தமிழில் டி.டி.எஸ். ஒலியோடு 1996-இல் 'கறுப்பு ரோஜா' வந்தது. பேய்ப்படம். பின்னாலிருந்து சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கும் வழக்கம் தமிழ் ரசிகர்க்கு அதிலிருந்து தொடங்கிற்று என்று கொள்வதில் தவறில்லை.

ஸ்பீக்கரைக் காதால் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பாரும் உளர். அது பொருந்தாது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனவர் அறிவர். நான்கடி அகலக் கடை, கூரைவரை அட்டைப்பெட்டி, எதிர்க்கடையில் ஒரு குத்துப்பாட்டு, பக்கத்துக் கடையில் இன்னொன்று. நடுவே நம்மவர் ஒரு செட்டைப் போட்டு, "பேஸ் பாருங்க சார்" என்று குமிழைத் திருகுவார். இரண்டு ஸ்பீக்கர்களை அடுத்தடுத்துக் கேட்டால், சற்றே உரத்து ஒலிப்பதையே காது சிறந்தது என்று சொல்லும். ஒரு டெசிபல் வித்தியாசம் போதும். உரப்பு கூடியது என்றுகூடத் தெரியாது, 'தெளிவு' கூடியது என்றே தோன்றும். இதை ஆய்வகத்தார் அளந்து அறிந்தார்கள். ரிச்சி தெருவில் அளக்காமலே தெரியும். விற்க வேண்டியதை ஒரு சுற்றுக் கூட்டி வைப்பார்கள்.

அட்டைப்பெட்டியைப் படித்துத் தேரலாம் என்பாரும் உளர். பெட்டியில் பி.எம்.பி.ஓ. 10,000 வாட்ஸ் என்றிருக்கும். பத்தாயிரம் வாட்ஸை உண்மையாகவே இழுத்தால் வீட்டு ஃபியூஸ் எத்தனை நொடி தாங்கும் என்று எலக்ட்ரீஷியனைக் கேட்க. பி.எம்.பி.ஓ. என்பதற்கு ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் இல்லை. அதை உயர்வு நவிற்சி அணியின்பாற் படுத்துக. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதே இயல்பு நவிற்சி. அதிலும் 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். இருமடங்கு உரக்கக் கேட்க ஏறத்தாழப் பத்துமடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே பெட்டியில் பார்க்க வேண்டியது ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்னும் எண். 87 போட்ட ஸ்பீக்கருக்கு வேண்டிய ஆம்ப் சக்தியில் பாதியே 90 போட்டதற்குப் போதும். இந்த எண்ணைக் கடையில் கேட்டால், கேட்டவரை ஒருமாதிரி பார்ப்பார்கள்.

காதும் பெட்டியும் விலக்கப்பட்டமையின், ஸ்பீக்கரைத் தேர்வது எது? வீடு. வீட்டை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து ஆராய்வது மரபு.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம், பத்துக்குப் பதினான்கு அடி ஹால். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போவது. பதினான்கடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் அருகிலும், பத்தடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் அருகிலும் அறையே சேர்ந்து முழங்கும். சுவரோரம் இந்த முழக்கம் பெருத்துக் கிடக்கும், சரிநடுவில் காணாமற்போகும். நம் வீடுகளில் சோபா எங்கே இருக்கிறது? சுவரோடு ஒட்டி. நடுக்கூடம் கூட்டிப் பெருக்கவும், கல்யாணப் பத்திரிகை கொண்டு வருவோர் நிற்கவும் ஒழித்து விடப்பட்டது. ஆகவே எந்த ஊர் சப்வூஃபர் வாங்கினாலும் தமிழ் வீட்டில் அது குமுறவே செய்யும்.

கருப்பொருள்: தெய்வம், பூஜை அலமாரி. பறை, மிக்ஸி. தரை, பளபளக்கும் டைல்ஸ். சுவர், பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தது. கண்ணாடி ஷோகேஸ், உள்ளே கொலுவில் மிச்சமான செட்டியார் பொம்மை, பிள்ளைகள் வாங்கிய கோப்பை. இவற்றில் ஒன்றும் ஒலியை உறிஞ்சாது. கைதட்டினால் கைதட்டு திரும்பி வரும் அறையில், லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் கிணற்றடியில் பேசும். பவானி ஜமக்காளம் விரித்தால் ஆகாதா எனின், பாதி ஆகும். மெல்லிய துணி 'ஸ்ஸ்' என்ற கூர்மையை மட்டும் விழுங்கும். கனத்த ஒலி அதைக் கண்டுகொள்ளாது. இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாத்தினால் நன்கு பயன் தரும். செலவில்லாத பரிகாரம் இதுவே. ஆயினும் விருந்தினர் வரும் வீட்டில் மெத்தையைச் சுவரில் சாத்திவைத்த குடும்பம் எதுவும் இதுவரை காணப்படவில்லை.

வாடகை வீடாயின் கருப்பொருளில் ஒன்று கூடும். அது ஓனர். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்று அவர் சாவி கொடுக்கும்போது சொல்லும் வாக்கியம், ஒலியியலில் ஹெர்ட்ஸையும் டெசிபலையும் விட வலிது.

உரிப்பொருளுக்கு வருவோம். இங்கேதான் ஐந்து ஸ்பீக்கரும் தத்தம் திணையில் நிற்கும்.

முன் இடம், குறிஞ்சி, புணர்தல். அதுவும் வலமும் ஒத்துப் பாடும்போது, நடுவே ஸ்பீக்கர் இல்லாத இடத்தில் குரல் தோன்றும். முன் வலம், முல்லை. மற்ற மூன்றுக்கும் பணம் சேரும்வரை ஆற்றியிருத்தல். இவ்விரண்டையும் முதலில் நல்லதாக வாங்கிவிட்டு, ஐந்து இணைப்பும் உள்ள ரிசீவரோடு ஓராண்டு காத்திருப்பவன், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் மலிவாக வாங்கியவனை விட நன்றாக வாழ்வான் என்பது இக்கட்டுரையாளன் கருத்து.

நடு ஸ்பீக்கர், மருதம். ஊடல் இதன் ஒழுக்கம். திரையில் பேசுவது பெரும்பாலும் இதன் வழியே வருவதால், "என்ன சொன்னான்?" என்று வீட்டில் எழும் பூசல் அனைத்துக்கும் இதுவே களம். வசனம் கேட்கவில்லை என்று கூட்டுவார்கள்; உடனே சண்டைக்காட்சி வந்து சுவர் அதிரும்; குறைப்பார்கள்; மறுபடி காதல்காட்சி முணுமுணுக்கும். ரிமோட் இருக்கும் கை ஒரு படத்துக்குள் ஓயாது. இத்தனைக்கும் மக்கள் ஐந்தில் குறைவாகச் செலவழிப்பது இதற்குத்தான். செலவழித்தவரும் அதை டி.வி. ஸ்டாண்டின் மூடிய அறைக்குள், செட்டாப் பாக்ஸுக்கு மேல், குபேரர் சிலைக்குப் பின்னே தள்ளிவிடுவர்.

அதன் வடிவிலும் ஒரு வழு உண்டு. நடுவில் ஒரு ட்வீட்டர், இருபுறம் ஒவ்வொரு வூஃபர் எனப் படுக்கை வசத்தில் கிடக்கும் வகையே கடைகளில் மிகுதி. நேர் எதிரே அமர்ந்தவனுக்கு இரு வூஃபரின் ஒலியும் ஒருங்கே வந்து சேரும். பக்கத்தில் அமர்ந்தவனுக்கு ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வந்து, சில ஸ்வரங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். பக்கத்தில் அமர்வது யார்? ஈஸிசேரில் அப்பா. அவருக்குக் காது கேட்கவில்லை என்று டாக்டரிடம் அழைத்துப் போகுமுன், நடுத்தர ஒலிக்கென ஒரு சிறு டிரைவர் ட்வீட்டருக்கு நேர்கீழே செங்குத்தாக அமைந்த சென்டரைக் கேட்டுப் பார்க்க. முன் மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருத்தல் வேண்டும். இடமிருந்து வலம் ஓடும் லாரி நடுவழியில் ஆட்டோவாகக் கூடாது.

பின் இரண்டும் நெய்தலும் பாலையும்; இரங்கலும் பிரிவும். உலக அளவுமுறை இவற்றைக் கேட்போரின் பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி, 100 முதல் 120 பாகைக்குள் நிறுத்தச் சொல்லும். நம் சோபாவுக்குப் பின்னே இருப்பது சுவர். ஆகவே ஒன்று ஜன்னல் கம்பியில் தொங்கும், மற்றொன்று ஃபிரிட்ஜின் மேல் அமரும். ஒயர் வாசற்படியைத் தாண்டி, பாத்ரூம் நிலையைச் சுற்றி, காலண்டருக்குப் பின்னால் ஏறும். பெருக்கும்போது ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும். அதன்பின் வலப்பின் ஸ்பீக்கர் பேசுவதில்லை. பேசவில்லை என்பதை யாரும் கவனிப்பதுமில்லை. நெய்தலின் துயரம் இதுவே. ஒயர்லெஸ் வாங்கலாமே என்பார்க்கு: அதற்கும் கரண்ட் பிளக் வேண்டும். ஃபிரிட்ஜின் மேல் பிளக் இல்லை. ஒலியைக் கூரையில் மோதித் திருப்பும் அட்மாஸ் ஸ்பீக்கர்களைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் சீலிங் ஃபேனைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். விரிப்பின் பெருகும்.

எஞ்சியது பெருந்திணை. சிறிய பெட்டி, ஆழ்ந்த பேஸ், குறைந்த சக்தி என்ற மூன்றில் இரண்டே கிட்டும் என்பது ஹாஃப்மனின் இரும்பு விதி. முழங்கால் உயரப் பெட்டியில் பூகம்பம் என்று விற்பவர் அந்த மூன்றாவதை எங்கோ மறைத்திருக்கிறார். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் புலப்படாமையின், இதை எங்கும் வைக்கலாம். எங்கு வைத்தால் குமுறாது என்பதே வினா. அதற்கு ஒலிப்பொறியாளர் பலரும் ஒப்பும் வழி ஒன்று உண்டு: சப்வூஃபரைச் சோபாவில் தூக்கி வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து எந்த மூலையில் பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே அதை இறக்கி வைக்க வேண்டும். ஒலிக்கும் இடமும் கேட்கும் இடமும் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளலாம் என்பது இதன் தத்துவம்.

'சப்வூஃபர் அமர்ந்திருக்கத் தலைவன் தவழக் கண்ட மாமியார் மகளுக்கு உரைத்தது' என்னும் துறை இதன்பாற் படும்:

"மாப்பிள்ளைக்கு என்னடி தொலைஞ்சு போச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, பேஸ் தேடுறார்."

"விளக்குமாத்தைக் குடு, தேடிக்கிட்டே கட்டிலடிய பெருக்கட்டும்."

அகம் இத்துடன் முற்றிற்று. பெருந்திணை சுவரைத் தாண்டுவது ஆகையால் புறமும் சிறிது உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலும் வரம்பாக வைத்தன. இங்கே நுட்பம் ஒன்று. அந்த அளவு 'ஏ' எடையிட்ட டெசிபல். காதின் போக்கைப் பின்பற்றித் தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணிக்கும் அம்முறையில், 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 30 டெசிபல் தள்ளுபடி. ஆகவே ஷோகேஸ் கண்ணாடி நடுங்கும்போதும் மீட்டர் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. சட்டப்படி வழக்கு நிற்குமோ என்பது ஐயம். ஆயினும் அடுக்குமாடியில் மீட்டரோடு ஒருவரும் வருவதில்லை.

'இரவு பத்தரைக்குக் கீழ்வீட்டார் மாடியேறி வந்து உரைத்தது' என்னும் துறை:

"சார், படம் நல்லா இருந்துச்சு. யாருன்னு மட்டும் சொல்லுங்க, வில்லன் செத்துட்டானா? எங்களுக்கு அடி விழுந்தது மட்டும்தான் கேட்டுது."