இருபது டிகிரியும் வீட்டார் விரலும்

இவ்வாய்வின் கருதுகோள் எளிது. குளிர்நாட்டு வீடொன்றை 20 டிகிரியில் நிறுத்தி வைக்கும் கணக்கில் மூன்று உறுப்புகள் உண்டு. நான்காவது உறுப்பாகிய வீட்டாரின் விரலை எந்தச் சூத்திரமும் சேர்த்துக்கொள்ளவில்லை.

மூன்றையும் எந்தக் கூட்டுக்குடும்பத்திலும் காணலாம். இப்போது எவ்வளவு குறைகிறது என்று மட்டும் பார்ப்பவர் விகிதம். இதுவரை குறைந்ததையெல்லாம் பாக்கிக் கணக்கு எழுதி வைத்திருப்பவர் தொகையீடு. குளிரத் தொடங்கிய உடனேயே பதறுபவர் வகையீடு. மூவரும் சேர்ந்ததே பி.ஐ.டி. கட்டுப்பாடு.

முன்னோர் சிலர். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883-இல் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை வகுப்பறை குளிர்கிறதா என்று பார்க்கப் பள்ளிப் பணியாளர் பாடத்தின் நடுவே உள்ளே வந்து போவார். 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி, அமெரிக்கக் கடற்படையின் சுக்கான் பிடிப்பவர்களைக் கவனித்து மூன்று உறுப்புகளையும் கணிதமாக்கினார். ஆக, வரவேற்பறையின் கதகதப்புக்குக் கப்பல் வழியாக ஒரு வம்சாவளி இருக்கிறது.

சிக்கல் 1942-இல் வந்தது. சீக்லர், நிக்கல்ஸ் என்ற இரு பொறியாளர்கள் மூன்று உறுப்புகளின் அளவுகளைக் கண்டறிய ஒரு முறை வகுத்தார்கள்: தொகையீட்டையும் வகையீட்டையும் அணைத்துவிட்டு, வெப்பம் ஓயாமல் ஏறி இறங்கி ஊசலாடும்வரை விகிதத்தைக் கூட்டு. அந்த விகிதத்தில் 0.6 பங்கை வை. ஓர் ஊசலின் காலத்தில் பாதி தொகையீட்டுக்கு, எட்டில் ஒன்று வகையீட்டுக்கு. தொழிற்சாலைக்கு இது சரி. கான்கிரீட் தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டிலோ தரை சூடேறவே மணிக்கணக்காகும். ஓர் ஊசலுக்கு 4 மணி நேரம் என்று வைத்தால், நாலைந்து ஊசல் பார்க்க ஒரு பகலும் இரவும் போய்விடும். ஜனவரி மாதத்தில் குடும்பத்தை வேண்டுமென்றே வேர்க்கவும் நடுங்கவும் வைத்துவிட்டு, மறுநாள் காலை காபியை எதிர்பார்ப்பது அறிவியல் துணிச்சல்தான். பலனும் பெரிதல்ல. அம்முறையின் குறிக்கோள், ஒவ்வோர் எழுச்சியும் முந்தையதில் கால்பங்காகத் தணிவது. அறை முதலில் 22-க்குத் தாவும், பிறகு 20.5. அந்த 22-இல் யாராவது ஜன்னலைத் திறந்திருப்பார்கள்.

திறந்த ஜன்னலைத் தொகையீடு அறியாது. அது பாக்கியை எழுதிக்கொண்டே போகும். ஜன்னலை மூடியதும் வட்டியோடு வசூலிக்கும். அந்தப் பாக்கிக்கு உச்சவரம்பு வைப்பது மரபு. வகையீடோ உணர்கருவியின் சிறு தடுமாற்றத்துக்கும் துள்ளுவது. பிரிட்டனில் விற்கும் பல தெர்மோஸ்டாட்டுகள் வகையீட்டைக் கைவிட்டு, மற்ற இரண்டை வைத்தே பாய்லரை விட்டுவிட்டு எரிய வைக்கின்றன.

இனி விரல். தெர்மோஸ்டாட்டின் முள்ளை 30-க்குத் திருப்பினால் அறை சீக்கிரம் சூடாகும் என்று அமெரிக்கர் பலர் நம்புவதை 1986-இல் வில்லெட் கெம்ப்டன் பதிவுசெய்தார். எரி, அணை என்ற இரண்டே நிலை கொண்ட பாய்லரில் அது தவறு. ஆனால் பி.ஐ.டி. வந்தபின், கேட்ட வெப்பத்துக்கும் இருக்கும் வெப்பத்துக்கும் இடைவெளி பெரிதானால் விகிதம் உண்மையிலேயே அதிகம் கேட்கிறது; பாய்லர் முழு வேகத்தை எட்டும்வரை அந்த நம்பிக்கை சரிதான். பொறியாளர்கள் பாடுபட்டு, முள்ளைத் திருப்பும் மாமியாரின் வாதத்தை மெய்ப்பித்திருக்கிறார்கள்!

எனவே பரிந்துரை: வகையீடு சுழி, தொகையீட்டுக்கு வரம்பு, தெர்மோஸ்டாட் பெட்டிக்குப் பூட்டு. சாவி யாரிடம் இருப்பது என்பது தனி ஆய்வுக்குரியது.