மடி ஓர் இருக்கை ஆகுமா? போக்குவரத்து அமைச்சகத்துக்குத் தெளிவுரை கோரும் மடல்

பெறுநர்:
செயலர் அவர்கள்,
சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
போக்குவரத்து பவன், புது தில்லி.

பொருள்: தந்தை ஒருவரும் அவருடைய மூன்றரை வயது மகளும் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை சாலைவழிச் செல்வதற்கு உகந்த வாகனம் எது எனத் தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பின்னிருக்கையிலிருந்து.

மதிப்பிற்குரிய ஐயா,

ஒரு வாகனத்தை அளந்து வகுப்பதில் இந்திய அரசு காட்டிவரும் நுணுக்கம் போற்றத்தக்கது என்பதை முதற்கண் நன்றியுடன் பதிவு செய்வது இம்மடலின் கடமையாகும். 2006-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை ‘சிறு கார்’ என்பதற்கு வகுத்த வரையறையின்படி, நீளம் 4,000 மில்லிமீட்டருக்கும், எஞ்சினின் கொள்ளளவு பெட்ரோல் வண்டியில் 1,200 சி.சி.க்கும் டீசல் வண்டியில் 1,500 சி.சி.க்கும் மிகாதிருந்தால் அது சிறு கார். நீளம் ஒரு விரற்கடை கூடினாலும் அது பெரிய கார். அந்தக் கோடு இன்றும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல் கார்களில் கோட்டுக்கு உட்பட்டவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகவும், கோட்டைத் தாண்டியவற்றுக்கு 40 விழுக்காடாகவும் இருக்கிறது. இதன் பயனாக, பின்புறம் நீண்டிருக்க வேண்டிய செடான் வகைக் கார்கள் சில, துணி போதாத தையற்காரர் சட்டையின் கையைக் குறைத்ததைப் போல, டிக்கி குறுக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. நெடும்பயணத்தில் ஒரு குழந்தைக்கு வேண்டிய தள்ளுவண்டி, பால்பொடி, மாற்றுடை, பொம்மை மூட்டை ஆகியவை எங்கே போகும் என்ற கேள்வி அந்த வரையறையில் எழவே இல்லை.

வரி விதிப்பது நிதித்துறையின் பொறுப்பு என்றும், மனுவை உரிய துறைக்கு அனுப்புமாறும் அமைச்சகம் பதில் எழுதக்கூடும் என்பது இம்மடலுக்குத் தெரியும். ஆயினும் அரசின் மனப்போக்கை அறிய அத்துறையின் இன்னொரு முடிவையும் காண்பது பயன்தரும். எஸ்.யூ.வி. என்று அழைக்கப்படும் உயரமான கார்களை வகைப்படுத்துவதற்கு, தரை இடைவெளி, அதாவது வண்டியின் அடிப்பாகத்துக்கும் சாலைக்கும் இடையே உள்ள உயரம், 170 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அந்த உயரத்தை எப்போது அளப்பது என்ற கேள்வி எழுந்தபோது, ஆளோ சுமையோ ஏறாத நிலையில் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் தெளிவுபடுத்தியது. யாரும் ஏறாத காரை அளப்பதில் இவ்வளவு கருத்தூன்றும் அரசு, காரில் ஏறி உட்கார்ந்த குழந்தையை எதைக் கொண்டு அளக்கிறது என்பதே இம்மடல் எழுப்பும் ஒரே கேள்வி.

குழந்தையை அரசு வயதால் அளக்கிறது. அந்த வயதும் ஏறும் வாகனத்துக்கேற்ப மாறுகிறது. இருசக்கர வாகனத்தில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை ஒரு விதி. நான்கு வயதைக் கடந்தால் தலைக்கவசம் பற்றிய வேறொரு விதி. காரில் பதினான்கு வயது வரை இன்னொரு விதி. ரயிலில் ஐந்து முதல் பன்னிரண்டு வரை அரைக் கட்டணக் கணக்கு. தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை கட்டணமே இல்லை. பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினத்தின் வாசலில் நிற்கும் ஊழியர்கூட குழந்தையின் வயதைக் கேட்பதில்லை. சுவரில் வரைந்த கோட்டின் அருகே நிறுத்தி உயரத்தைப் பார்க்கிறார். இருக்கை வார், அதாவது சீட் பெல்ட், வளர்ந்தவரின் உடலளவுக்குத் தைக்கப்பட்டது என்பதால், ஏறத்தாழ 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்று உலக அளவில் வல்லுநர்கள் சொல்வதும் ராட்டினக்காரர் அறிந்த அதே உண்மையின் அடிப்படையில்தான்.

இனி வாகனங்களை ஒவ்வொன்றாகக் காணலாம். முதலாவது மோட்டார் சைக்கிள். 2022 பிப்ரவரி 15 அன்று அமைச்சகம் வெளியிட்டு, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த விதியின்படி, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புச் சேணம் கட்ட வேண்டும். சேணம் என்பது குழந்தைக்கு அணிவிக்கும் ஒரு மேற்சட்டை, அதிலிருந்து வரும் பட்டைகளை ஓட்டுநர் தம் தோள்களில் மாட்டிக்கொள்ள, குழந்தையின் மேலுடல் அவரோடு பிணைக்கப்படும். அது 30 கிலோ எடையைத் தாங்க வேண்டும். குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 700 கிலோமீட்டர் என்பதால், சட்டத்தை எழுத்துப் பிசகாமல் மதிக்கும் தந்தை, தேநீருக்கும் சிறுநீருக்கும் நிற்காமல் ஓட்டினாலும் பதினேழரை மணி நேரத்தில் முக்கடலைக் காணலாம். பக்கத்தில் கனரக வண்டிகள் அதைவிட இரு மடங்கு வேகத்தில் பறக்கும் நான்குவழிச் சாலையில், மாட்டுவண்டிக்குச் சற்றே மூத்த வேகத்தில் ஊர்ந்து செல்லும் அவரைப் பாதுகாப்பானவர் என்று விதி கருதுகிறது. சாலை கருதுமா என்பதை விதி கேட்கவில்லை.

இரண்டாவது கார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சேர்த்த 194பி பிரிவு, பதினான்கு வயது நிறையாத குழந்தை இருக்கை வாராலோ அல்லது குழந்தைக் காப்பு இருக்கையாலோ பிணைக்கப்படாமல் இருந்தால், ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் தண்டம் என்கிறது. குழந்தைக் காப்பு இருக்கை என்பது காரின் இருக்கைமேல் பொருத்தப்பட்டு, குழந்தையின் தோள், இடுப்பு, தொடையிடை ஆகியவற்றைத் தனி வார்களால் பிடித்துக்கொள்ளும் சிறு இருக்கை. இந்தப் பிரிவில் மிகவும் கடினமாக உழைக்கும் சொல் ‘அல்லது’ என்பதாகும். மூன்றரை வயதுக் குழந்தையைப் பின்னிருக்கையில் அமர்த்திப் பெரியவர்களின் வாரை மாட்டிப் பார்த்தால், தோளில் கிடக்க வேண்டிய பட்டை கழுத்தை அறுத்துக்கொண்டு போவதையும், இடுப்பெலும்பில் படிய வேண்டிய பட்டை மென்மையான வயிற்றின்மேல் ஏறி நிற்பதையும், கால் மடியும் இடம் வரை இருக்கை எட்டாமல் குழந்தை முன்னே சரிந்து வருவதையும் எவரும் காணலாம். மோதல் நேர்ந்தால் அந்த வாரே காயத்துக்குக் காரணமாகும். இருந்தும் ‘அல்லது’ என்ற ஒரு சொல்லால் சட்டம் நிறைவேறிவிடுகிறது. தண்டம் இல்லை, குற்றம் இல்லை.

தண்டத்துக்கு அஞ்சாதவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது தமிழ்க் குடும்பங்களில் தலைமுறைகளாகப் புழங்கிவரும் மடி என்னும் இருக்கை. அதன் மெத்தை சிறந்தது, வெப்பநிலை சீரானது, பாட்டும் கதையும் உடன் கிடைக்கும், விலையும் இல்லை. ஒரே ஒரு குறை, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதல் நேர்வது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் என்பதால், அந்தக் கணத்தில் எந்தத் தாயின் கையும் எந்தத் தந்தையின் கையும் குழந்தையைப் பிடித்துவைத்திருக்க முடியாது. முன்னிருக்கை மடியானால் இன்னொன்றும் சேரும். தமிழ் இலக்கணம் கண்ணிமைக்கும் நேரத்தை மாத்திரை என்று அளந்தது; முன்பக்கக் காற்றுப்பை, அதாவது ஏர்பேக், அந்த மாத்திரைக்குள் விரிந்து முடிந்துவிடும். வளர்ந்தவரின் மார்பைத் தாங்குவதற்காக விரியும் அந்தப் பைக்கும் அந்த மார்புக்கும் நடுவே, மடியிலிருக்கும் குழந்தையின் தலை இருக்கும்.

அமைச்சகம் இவற்றை அறியாததன்று. 2023 ஆகஸ்ட் 22 அன்று அது தொடங்கிவைத்த ‘பாரத் என்.சி.ஏ.பி.’ என்னும் மோதல் சோதனைத் திட்டம் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் செயல்படுகிறது. கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின்மேல் மோதவிடப்படுகிறது. வளர்ந்தோர் பாதுகாப்புக்கு 32 புள்ளிகளும் குழந்தைப் பாதுகாப்புக்கு 49 புள்ளிகளும் தனித்தனியே வழங்கப்படுகின்றன. சோதனைக் காரின் பின்பக்கத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையின் அளவிலும் மூன்று வயதுக் குழந்தையின் அளவிலும் செய்த இரு பொம்மைகள், உரிய காப்பு இருக்கைகளில் முறைப்படி கட்டப்பட்டு அமர்கின்றன. அந்த இருக்கைகள் ‘ஐசோஃபிக்ஸ்’ என்னும் அமைப்பால், அதாவது காரின் சாய்மானத்துக்கும் அடியிருக்கைக்கும் இடையே புதைந்துள்ள இரு இரும்பு வளையங்களில் நண்டுப்பிடி போலக் கவ்வும் கொக்கிகளால், பொருத்தப்படுவதுண்டு. சோதனை முடிந்ததும் நட்சத்திரங்கள் காருக்குக் கிடைக்கின்றன. கார் வாங்குபவருக்குக் காப்பு இருக்கை கிடைப்பதில்லை, அதைத் தனியே தேடி வாங்க வேண்டும். ஆக, ஐந்து நட்சத்திரக் காரில் பொம்மைக் குழந்தைக்கு இருக்கை, உயிருள்ள குழந்தைக்கு மடி என்ற ஏற்பாடு நாட்டில் நிலைபெற்றிருக்கிறது. உற்பத்தியாளர் விரும்பினால் மட்டுமே காரைச் சோதனைக்கு அனுப்பலாம் என்பதும் குறிப்பிடத்தக்கது. தேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதை மாணவனே முடிவு செய்யும் பள்ளியில் தேர்ச்சி விகிதம் சிறப்பாக இருப்பதில் வியப்பில்லை.

ஆறு காற்றுப்பைகளின் வரலாறும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. முன்னே இரண்டோடு, பக்கவாட்டில் இரண்டும், பின்னிருக்கையில் இருப்போரின் தலையையும் காக்கத் திரைபோல இறங்கும் இரண்டும் கட்டாயம் என 2022 ஜனவரியில் வரைவு அறிவிக்கை வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 என்றிருந்த நாள் அடுத்த ஆண்டு அக்டோபர் 1-க்குத் தள்ளிப்போனது. அந்த நாள் நெருங்கியபோது கட்டாயமே இல்லை என்றாயிற்று. பின்னிருக்கைக்கு வரவேண்டிய பாதுகாப்பு வழியிலேயே இறங்கிக்கொண்டதால், தந்தைக்கு அது பற்றிய தெளிவுரை இனித் தேவையில்லை.

மக்களும் அமைச்சகத்துக்குச் சளைத்தவர்கள் அல்லர். வார் போடாவிட்டால் அலறும் ஒலியை அடக்குவதற்காக, வாரின் நாக்கு மட்டும் தனியே செய்யப்பட்டு விற்பனையானது. அந்த உலோகத் துண்டைப் பூட்டில் செருகினால் கார் ஏமாந்து மௌனமாகிவிடும். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டபோது, இணைய அங்காடிகளிலிருந்து நீக்கப்பட்ட இத்தகைய விற்பனைப் பதிவுகள் மட்டும் 13,118. உயிரைக் காக்கும் பொருளைவிட, அதன் நினைவூட்டலை வாயடைக்கும் பொருளுக்குச் சந்தை விரிந்திருந்த நாட்டில், 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்ற அமைச்சகத்தின் கணக்கை யாரும் விதியின்மேல் போட முடியாது; இங்கே விதி என்பது ஊழ்.

இவற்றையெல்லாம் தவிர்க்க விரும்பும் தந்தை நான்காவது வழியாகப் பேருந்தில் ஏறலாம். அங்கே குழந்தைக்குக் கட்டணமும் இல்லை, வாரும் இல்லை, சேணமும் இல்லை, எனவே அவர் மீறுவதற்கு விதியும் இல்லை. நான்கு பேர் செல்லும் காரில் பிணைக்கப்பட வேண்டிய அதே குழந்தை, ஐம்பது பேர் செல்லும் வண்டியில் பிணைப்பின்றிப் போகலாம் என்பது, பயணிகள் கூடக்கூட மோதலின் விசை பங்கிட்டுக் குறைந்துவிடும் என்ற புதிய இயற்பியலை அமைச்சகம் கண்டுபிடித்திருப்பதையே காட்டுகிறது.

பரனூர், விக்கிரவாண்டி, சமயபுரம் எனச் சுங்கச்சாவடிகள் ஒவ்வொன்றிலும் காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் வில்லையை, அதாவது கட்டணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்னணு ஒட்டியை, ஒரு நொடியில் கருவி படித்துவிடுகிறது. 2025 ஆகஸ்ட் 15 அன்று, 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்க ஆண்டுச் சீட்டும் அறிமுகமானது. அந்த வில்லை ஒட்டிய அதே கண்ணாடிக்கு ஒரு முழம் பின்னால், மடியில் உட்கார்ந்து டாஷ்போர்டைத் தட்டிக்கொண்டு ஒரு குழந்தை போகிறது. கருவிக்கு அது தெரிவதில்லை. தடுப்புக்கோல் தூக்கி வழிவிடுகிறது.

எனவே இம்மடல் கோருவன மூன்று. 194பி பிரிவின் ‘அல்லது’ என்ற சொல் நீக்கப்பட்டு, பெரியவர்களின் வார் சரியாகப் படியும் உயரம் வரும் வரை குழந்தைக் காப்பு இருக்கை ஒன்றே வழி என்று எழுதப்பட வேண்டும். குழந்தைப் பாதுகாப்புக்கான 49 புள்ளிகளில் ஒரு கார் பெற்றது எத்தனை என்பது விற்பனையகத்தில் அதன் விலைக்குப் பக்கத்தில், விலையின் எழுத்தளவிலேயே காட்டப்பட வேண்டும். சோதனையில் பொம்மைக்குக் கொடுத்த அதே வகை இருக்கை, காரோடு சேர்த்து வாங்கக் கிடைக்க வேண்டும். வாடகைக் காரில் கேட்டாலும் கிடைக்க வேண்டும்.

தெளிவுரை வரும் வரை தந்தை காத்திருக்கப் போவதில்லை. பள்ளி விடுமுறைக்கு அமைச்சகத்தின் கோப்பு வேகம் தெரியாது. அவர் தேர்ந்தெடுக்க வேண்டியது பெரிய காரை அன்று. பின்னிருக்கையில் மூன்று முனை வாரும் ஐசோஃபிக்ஸ் வளையங்களும் உள்ள, குழந்தைக்கான புள்ளிகளைப் பார்த்து எடுத்த, சாதாரணக் கார் போதும். அதில் முறையாகப் பொருத்திய காப்பு இருக்கை இருந்தால், அது இல்லாத ஏழு பேர் வண்டியைவிட அந்தச் சிறு காரே அவருடைய மகளுக்கு மேலானது.

இங்ஙனம்,
பின்னிருக்கையின் சார்பில்,
இன்னும் வாக்குரிமை பெறாத பயணியின் பொருட்டு.

நகல்: “குழந்தையை மடியில் வைத்துக்கொள், ஒன்றும் ஆகாது” என்று வழியனுப்பும் தாத்தா பாட்டிகள் அனைவருக்கும், தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும்.