கல்லாறுக்கு மேலே காருக்கு வரும் நோய்கள்: ஓர் ஆய்வு

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். உதகை 2,240 மீட்டர். இடையே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் சாலை, குன்னூர் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். இந்தத் தூரத்தில் பழைய கார் ஒன்றுக்கு என்னென்ன நோய் வரும் என்பது பற்றி வாய்மொழி ஆய்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. நின்றுபோன ஒவ்வொரு வண்டியைச் சுற்றியும் ஒரு கருத்தரங்கு கூடத்தான் செய்கிறது. அவை ஏட்டில் ஏறாமல் போவதே குறை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

'பழைய கார்' என இங்கே குறிக்கப்படுவது கார்புரேட்டர் உள்ள வண்டி: அம்பாசடர், பத்மினி என்று பேர் மாறிய பிறகும் ஃபியட் என்றே அழைக்கப்பட்ட வண்டி, சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், ஆரம்பகால மாருதி 800. புதுக் கார்களின் நோயைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. கூடி நிற்பவர்களுக்கு அங்கே வேலை இல்லாததால் அவை ஆய்விலிருந்து விலக்கப்பட்டன. அம்பாசடர் உற்பத்தியும் 2014-இல் உத்தர்பாராவில் நின்றுவிட்டது. இனிப் புது நோயாளிகள் வரப்போவதில்லை, இருப்பவர்களுக்கு வயதுதான் கூடும்.

முதலில் திணை. நிலம் குறிஞ்சி, ஐயமில்லை. ஆனால் வழியிலுள்ள பர்லியாறில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் ஒழுக்கம் இருத்தல். அது முல்லைக்கு உரியது. பின்சீட்டில் நடப்பது ஊடல், ஆகவே மருதம். "அப்பவே ரயில்ல போகலாம்னு சொன்னேன்" என்ற கூற்று இரங்கலில் சேரும், நெய்தல். இத்தனைக்கும் இலக்கணத்தில் வழி இருக்கிறது. நிலம் மயங்காது, ஒழுக்கம் மயங்கலாம் என்று முன்னோர் சொல்லிவைத்தது இந்தச் சாலையை மனதில் வைத்துத்தான் என்று இவ்வாய்வாளர் கருதுகிறார்.

இனி நோய்க்கு வருவோம். இக்கட்டுரையின் கோட்பாடு ஒன்றே: மலையில் பழைய காருக்கு வரும் நோயில் பாதி காருடையது அல்ல, உயரத்துடையது. உதகையில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. கோயம்புத்தூரில் ஊற்றிய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். காற்று குறைவு, பெட்ரோல் மிகுதி. கரும்புகை, பெட்ரோல் வாடை, இழுவை இல்லை. பிளக்கைக் கழற்றினால் முனையில் கரி அப்பியிருக்கும். (வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு ஏறுகிறது என்று பொருள். குன்னூர் டீக்கடை ஸ்ட்ராங் டீயின் நிறத்தில் இருந்தால் வண்டி சுகம்.)

ஊட்டி மெக்கானிக் இதைப் பார்க்கிறார். மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகுகிறார். மெல்லிய காற்றில் தீ மெதுவாகப் பரவும் என்று அனுபவத்தில் அறிந்தவர், டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி டைமிங்கையும் கொஞ்சம் ஏற்றிவைக்கிறார். வண்டி பறக்கிறது. வாரக் கடைசியில் அதே வண்டி கோவைக்கு இறங்குகிறது. அங்கே காற்று கெட்டி. ஐடிலிங் நிற்கவில்லை, கார்புரேட்டர் இருமுகிறது, ஏற்றிவைத்த டைமிங் மேம்பாலம் ஏறும்போது 'டக் டக்' என்று அடிக்கிறது. கோவை மெக்கானிக் பானெட்டைத் தூக்கியதும் கேட்கும் கேள்வி தமிழ்நாடு முழுவதற்கும் பொது: "யார் சார் இதுல கை வச்சது?"

எல்லாவற்றையும் அவர் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார். வண்டி மலையேறுகிறது, புகைகிறது. ஊட்டி மெக்கானிக் பானெட்டைத் தூக்குகிறார்: "கீழ எவன்கிட்ட விட்டீங்க?"

இருவருமே தொழில் தெரிந்தவர்கள், இருவர் சொல்வதும் உண்மை, இருவருக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். இந்தச் சுழற்சியில் ஸ்க்ரூவின் மரை தேய்ந்துபோவது ஒன்றுதான் காருக்கென்று வந்த நோய்.

அடுத்தது சூடு. உதகை உயரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருந்தால் உள்ளே அழுத்தம் நின்று கொதிநிலை கூடும். ரப்பர் காய்ந்துபோயிருந்தால் இரண்டாம் கியரில் நாலு வளைவு ஏறுவதற்குள் ஆவி. சில நூறு ரூபாய் மூடி. ஆனால் பெரும்பாலோர் சந்தேகப்படுவது ஹெட் கேஸ்கட்டை. மலிவான காரணத்தைச் சொல்லும் மெக்கானிக் மேல் யாருக்கும் மரியாதை வருவதில்லை. இங்கே ஓர் அநீதியையும் பதிவு செய்ய வேண்டும். மலையடிவாரக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டரைக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் பல்சக்கரம் கடித்து ஏறும் நீராவி ரயில், வழி நெடுக நின்று நின்று தண்ணீர் குடிக்கிறது. 1899-இல் குன்னூரைத் தொட்ட நாளிலிருந்து இதுதான் அதன் வழக்கம். அதற்கு 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்று பட்டம் கொடுத்தது. அதே மலையில் அதே காரணத்துக்காகத் தண்ணீர் கேட்டு நிற்கும் அம்பாசடரைப் பார்த்துப் பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கிறது.

சூட்டின் தம்பி வேப்பர் லாக். இவ்வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் பம்பு இன்ஜின் உடம்பிலேயே ஒட்டியிருக்கும். ஏற்றத்தில் அது காய்ந்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு ஆவியை இழுக்குமே தவிர பெட்ரோலை இழுக்காது. வண்டி நிற்கும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றினால் கொஞ்சம் சீக்கிரம்.

இந்த அரைமணி நேரம்தான் ஆய்வுலகுக்குப் பெரிய சோதனை. வண்டி நின்ற ஐந்தாம் நிமிடம் ஒருவர் "பாயிண்ட் போயிருக்கும்ணே" என்பார். பத்தாம் நிமிடம் ஜீப்பை நிறுத்தி இறங்கியவர் காயிலைத் தொட்டுப்பார்த்து உதட்டைப் பிதுக்குவார். இருபதாம் நிமிடம் பலாச்சுளை விற்பவர், "பேட்டரி டெர்மினலைத் தட்டுங்க சார்" என்பார். தட்டுவார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த இந்த நிகழ்வைத் தர்க்கநூலார் காகதாலீய நியாயம் என்பர். அந்தக் குடும்பமோ அதன்பின் எந்த வண்டி நின்றாலும் டெர்மினலைத் தட்டும். தலைமுறை தாண்டியும் தட்டும்.

மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன் என்று வைத்தியத்தை நான்கு கூறாக்கினார். கார், மெக்கானிக், ஸ்பேர், ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையன் என நான்கும் அப்படியே பொருந்துகின்றன. யோசனை சொல்பவர் எந்தக் கூறிலும் அடங்கவில்லை. திருவள்ளுவர் மலைப்பாதையில் வண்டி ஓட்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

புகையைக் கொண்டு நோய் காண்பது சமவெளியில் எளிது. கறுப்பென்றால் பெட்ரோல், நீலமென்றால் ஆயில், வெள்ளையென்றால் தண்ணீர். டிசம்பர் மாத ஊட்டியில் காலை ஏழு மணிக்கு எல்லா வண்டியும் வெள்ளைப் புகைதான் விடும். பேசுகிறவர் வாயிலிருந்தும் அதுவே வரும். மூடுபனிக்குள் சைலன்சர் எது, மேகம் எது என்று பிரித்தறிவதற்குள் மணி எட்டாகிவிடும். வண்டி சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் கேஸ்கட் என்று கொள்க. ஆயில் மூடியின் உட்புறம் வெளிர்மஞ்சள் பசை கண்டு அலற வேண்டாம். வீட்டிலிருந்து மார்க்கெட் வரை மட்டும் போய்வரும் வண்டியில், இந்தக் குளிரில், ஈரம் படிந்தே அந்தப் பசை உண்டாகும்.

மோப்பமும் இப்படியே. கருகல் வாடை வந்தால் ஏறும்போது கிளட்ச், இறங்கும்போது பிரேக். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்களின் பிரேக்கை அடுத்த வளைவில் நிற்பவரே நுகரலாம். ஆனால் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் இடத்தருகிலும், தேயிலை ஃபேக்டரி ஓரத்திலும் சராசரி மூக்கு செல்லாது. அங்கே ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவரை உடனழைத்துச் செல்வது உத்தமம்.

காதால் அறிவது சுருக்கமானது. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்தால் உள்ளே நடப்பது கேட்கும். மிஸ் அடித்தால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாதது. இச்சோதனையை அலுவலகங்களுக்கு விரிப்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நிறைவாக ஒரு பரிந்துரை. 2024 மே முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலையும் தேடுகிறார்கள். அங்கேயே கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஓர் அலுவலரை நிறுத்தி, ஏறும் பழைய கார்களுக்கு மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளேயும், இறங்கும் கார்களுக்குக் கால் சுற்று வெளியேயும் திருகிவிட்டால் இரு ஊர் மெக்கானிக்குகளின் பகை தீரும். நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான். கோடை விடுமுறையில் அந்த வரிசை நகர்வதற்குள் பம்பு காய்ந்து, வண்டி அலுவலரின் காலடியிலேயே நின்றுவிடும். அப்போது டெர்மினலைத் தட்டச் சொல்ல ஆள் வந்துவிடுவார்.